பொறி எண்ணிய அத்தை

கண் மருத்துவமனையில் அன்றைக்கு அத்தை என் மானத்தை வாங்கிவிட்டாள்.

அண்டாவைப் படுக்கப்போட்ட மாதிரி வெள்ளையாக ஒரு பெரிய கிண்ணம். அதன் வாயில் முகவாயை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அறையை இருட்டாக்கிவிடுவார்கள். கிண்ணத்துக்குள் எங்கேயாவது குட்டியாக ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றும். அது தெரிந்ததும் கையில் கொடுத்திருக்கும் பொத்தானை அழுத்தினால் 'கிர்' என்று ஒரு சத்தம் வரும். எந்த இடத்தில் தெரிகிறது, எந்த இடத்தில் தெரியவில்லை என்று பரிசோதனை செய்யும் பெண் ஒரு படத்தில் குறித்துக்கொள்வாள். ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும். அன்று வலது கண்ணுக்குத்தான் பரிசோதனை; அத்தை கடைசிவரை ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

"இப்ப வருது பாருங்க பாட்டி... இப்ப..." என்று அந்தப் பெண்ணும் கெஞ்சிப் பார்த்தாள். அத்தை பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டருக்குப் பொறுமை குறைவு. "ஒண்ணு, இவங்களுக்கு வலது கண்ணு சுத்தமா தெரியல. இல்லைன்னா வேணும்னே அடம் பண்றாங்க. எது?" என்று என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் பொத்தானை ஒளித்துவைத்த மாதிரி. அப்புறம் விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. இடது கண் சொட்டு மருந்திலேயே தாக்குப்பிடிக்கும். வலது கண்ணில் இன்னும் போதுமான பார்வை மிச்சமிருந்தால் உடனே அறுவை செய்து அதைக் காப்பாற்றலாம். பார்வை போய்விட்டதென்றால் இந்த வயதில் கத்தி வைப்பது வீண் வம்பு. இரண்டில் எது என்று சொல்வது இந்தப் பரிசோதனைதான். அடுத்த வாரம் இன்னொரு தடவை வாருங்கள், அதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்றார்.

எனக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில். நடைவழிப் பெஞ்சில் அத்தையை உட்காரவைத்து, "ஏன் அழுத்தல? வெளிச்சம் தெரிஞ்சுதா இல்லையா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது."

"பின்ன அழுத்த வேண்டியதுதானே?"

"எனக்குத் தெரிஞ்சுதுடி. அது அங்க இருந்துச்சான்னு நான் எப்படிச் சொல்றது?"

மருத்துவமனை என்றுகூடப் பார்க்காமல் கத்தியிருப்பேன். ஆனால் அத்தை அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்பாவின் தங்கை, என்னை வளர்த்தவள், என் வீட்டிலேயே இருப்பவள். எனக்குத் தெரிந்த நாள் முதல் அவள் தன் கண்ணை நம்பியதில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டு, "மழை பெய்யுதான்னு பாரு" என்று எங்களைக் கூப்பிடுவாள். பிறகு தானும் கையை வெளியே நீட்டி, நனைந்த பிறகுதான் துணி எடுக்க ஓடுவாள். அடுப்பு அணைந்ததா என்று தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொள்வாள். அவளைப் பெண் பார்க்க வந்தபோது, "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டதற்கு, "என் கண்ணை நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது, வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்றாளாம். வந்தவர்கள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு யாரும் வரவில்லை. வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஏன் அப்படி என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்று அந்தப் பெஞ்சில்தான் கேட்டேன்.

சின்ன வயதில் அத்தைக்குப் பட்டப்பெயர் பூனைக்கண். விளக்கில்லாத அறையில் கீழே விழுந்த ஊசியை எடுத்துக் கொடுப்பாளாம். இளம் வயதில் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். படிப்பு வேண்டாம், கண் நன்றாக இருந்தால் போதும். எங்கள் அப்பா அழைத்துப் போனார். அங்கே இருந்த பேராசிரியர் அத்தையிடம், "உனக்கு அணுவைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியாது சார்."

"அப்ப நீதான் வேணும். தெரிஞ்ச கண்ணு ஆசைப்படும். ஒண்ணும் தெரியாத கண்ணுதான் இருக்கறதை இருக்கறபடி பாக்கும்."

ஆனாலும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். அந்த வார்த்தைகளை அத்தை அவர் குரலிலேயே எனக்குச் சொன்னாள். "அணுன்னா கெட்டியான உருண்டைன்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தோம்மா. அப்படி இல்ல. பெரிய மைதானம். நடுவுல ஒரே ஒரு மிளகு. எடையெல்லாம் அந்த மிளகுலதான். மீதி இடம் காலி. அந்த மிளகுல எவ்வளவு மின்சாரம் இருக்குங்கறதை வெச்சுதான் அதைச் சுத்தி எத்தனை எலக்ட்ரான் நிக்கும்ங்கறது இருக்கு. வெளி ஓரத்துல நிக்கற எலக்ட்ரானுங்க பக்கத்து அணுவோட சேர்ந்துக்கும். உப்பு உப்பா இருக்கறதும் தண்ணி தண்ணியா இருக்கறதும் அதனாலதான். இப்ப நான் அந்த மிளகையே உடைக்க முடியுமான்னு பாக்கறேன்."

அந்த மிளகில் மோதிய துகள்கள் பந்து மாதிரி திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் அணுவுக்கு நடுவே அப்படி ஒன்று இருப்பதையே உலகம் தெரிந்துகொண்டதாம். இதை நான் பிற்பாடு என் மகனுடைய பாடப்புத்தகத்தில் படித்தேன். எல்லாம் கால் பக்கத்தில் முடிந்துவிட்டது. 'கண்டறியப்பட்டது' என்று புத்தகம் எழுதினவன் போட்டிருந்தான். யார் கண்? அதை மட்டும் போடமாட்டான்.

அந்தக் காலத்தில் துகளை எண்ணுவதற்கு இயந்திரம் கிடையாது. மனிதக் கண்தான். ரேடியத்திலிருந்து கிளம்பும் துகள்களை ஒரு மெல்லிய தகட்டின் மேல் பாயவிடுவார்கள். தகட்டில் இருக்கும் அணு உடைந்தால் அதன் சில்லு தெறித்துவந்து மருந்து பூசிய ஒரு சின்னத் திரையில் மோதும். மோதிய இடத்தில் பொறி ஒன்று மின்னி மறையும். வெளிச்சத்தில் இருந்து வந்த கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. எண்ணுகிறவர்கள் முதலில் இருட்டில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். பிறகு பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்து, பொறி தெரியும்போதெல்லாம் ஒரு சாவியைத் தட்ட வேண்டும். பக்கத்து அறையில் ஓடும் காகித நாடாவில் அது புள்ளியாக விழும்.

இடையிடையே பேராசிரியர் துகள் வரும் வழியில் கனமான தகடு ஒன்றைச் சொருகி அடைத்துவிடுவார். அப்போது எந்தப் பொறியும் வரக்கூடாது. எண்ணுகிறவரின் கண் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அது. எப்போது வழி அடைத்திருக்கிறது, எப்போது திறந்திருக்கிறது என்று எண்ணுகிறவருக்குத் தெரியவே கூடாது. அந்த இடத்தின் முதல் சட்டமே அதுதான்.

அங்கே எண்ணிய மூன்று பெண்களில் அத்தை ஒருத்தி. இன்னொருத்தியை எல்லோரும் நெட்டை என்பார்கள். மூன்றாமவள் அதிகம் பேசாதவள். பேராசிரியருக்கு இவர்கள் வைத்த பெயர் கவனம்மா. இருட்டறைக்கு வெளியே நின்றுகொண்டு, பெரும்பாலும் "கவனம்மா!" என்று குரல் கொடுத்து எண்ணிக்கையைத் தொடங்குவார். அவர் தலை தெரிந்தால், "கவனம்மா வர்றார்டி" என்று நெட்டை இவளை இடிப்பாளாம்.

அத்தை அந்த வேலைக்குத் தன் கண்ணைக் கோயில் சிலை மாதிரி பாதுகாத்தாள். விளக்கருகே உட்கார்ந்து படிக்கமாட்டாள், தைக்கமாட்டாள், வெயிலில் போனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். எல்லாவற்றையும்விட, வேலை நாளில் அழமாட்டாள். அழுத கண்ணில் பொறி கலங்கிப் போகும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவளுடைய அம்மா இறந்தது ஒரு திங்கட்கிழமை. வந்தவர்கள் எல்லோரும் அழ, இவள் வறண்ட கண்ணோடு நின்றாள். "கல்நெஞ்சக்காரி" என்று உறவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் தனியாக உட்கார்ந்து அழுதாளாம். அதையும் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாளாம், மறுநாள் வேலை இருந்ததால்.

"அவர் என்கிட்ட, 'உன் கண்ணுதாம்மா இந்த ஆய்வுக்கூடம்'னு சொன்னார்டி. எங்க அம்மாவுக்குக் குடுக்கவேண்டியதைக்கூட அவருக்குத்தான் குடுத்தேன்" என்றாள்.

பேராசிரியர் பெயர் வெளியே பரவியது. வேறு யாரும் உடைக்காத அணுக்களை எல்லாம் அவர் உடைத்துக் காட்டினார். கரியின் அணுவை உடைத்தார், இன்னும் எதை எதையோ. ஆனால் வேறொரு நகரத்தில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு ஒன்றும் உடையவில்லை. கடிதப் போக்குவரத்து காரசாரமாகி, கடைசியில் அங்கிருந்து ஒருவர் கிளம்பி வந்துவிட்டார். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசாதவர். அத்தை அவரை 'வந்தவர்' என்றுதான் சொன்னாள்.

"ஒரு நாள் மட்டும் வழியை அடைக்கற தகட்டை நான் போட்டு எடுக்கறேன். ஆரம்பிக்கச் சொல்றதையும் நானே சொல்றேன். வேற எதையும் தொடமாட்டேன்" என்று வந்தவர் கேட்டுக்கொண்டார்.

"தாராளமா. எங்க பொண்ணுங்க கண்ணு அப்படி!" என்றார் பேராசிரியர். அதைக் கேட்டு அத்தைக்கு மனம் பூரித்துப் போயிற்று. உள்ளே போய் இருட்டில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பூராவும் பொறிகள் நன்றாகவே தெரிந்தன. வழக்கம்போல் சில சமயம் நிறைய, சில சமயம் கொஞ்சம். தெரிந்ததைத் தட்டினாள், தெரியாததைத் தட்டவில்லை. வந்தவர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, "தொடங்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வெளியே வந்தபோது பேராசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. நாடாக்கள் மேஜைமேல் நீளமாகக் கிடந்தன. வழி திறந்திருந்தபோது மூன்று பெண்களும் எவ்வளவு எண்ணினார்களோ, ஏறக்குறைய அதே அளவு வழி அடைத்திருந்தபோதும் எண்ணியிருந்தார்கள். கனத் தகட்டைத் தாண்டி ஒரு தூசிகூட வந்திருக்க முடியாத நேரத்தில் அத்தை பொறிகளைப் பார்த்திருக்கிறாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆசைப்பட்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பொறி போலிருக்கிறது.

வந்தவர் யாரையும் குறை சொல்லவில்லை. மெதுவாக ஒன்று மட்டும் கேட்டார். "வழக்கமா சார் எப்படி ஆரம்பிக்கச் சொல்வார்?"

நெட்டைதான் பதில் சொன்னாள், சிரித்துக்கொண்டே. "அடைச்சு வெச்சிருந்தா, 'ம், ஆரம்பி'ம்பார். திறந்திருந்தா, 'கவனம்மா!'ம்பார். இன்னிக்கு ரெண்டுல எதையும் சொல்லாததால நாங்க என்ன செய்வோம்?"

அத்தை நடைவழியில் நெட்டையின் கையைப் பிடித்து, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா? அதை வெச்சுதானே நான் இத்தனை நாளும் தட்டினேன்! அந்தக் குழாயில எனக்கு ஒரு மண்ணும் தெரிஞ்சதில்ல. நீயும் அப்படித்தான்னு நினைச்சேன், உன் கணக்கும் என் கணக்கும் எப்பவும் ஒத்துத்தானே போச்சு."

ஒருத்தி துணிந்து பொய் தட்டினாள். இன்னொருத்தி அம்மா சாவுக்குக்கூட அழாமல் கண்ணைக் காப்பாற்றி மெய்யென்று தட்டினாள். நாடாவில் இரண்டும் ஒரே எண்ணிக்கை. நெட்டை அடுத்த மாதமே தொலைபேசி நிலையத்தில் சேர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, சௌக்கியமாக இருந்தாள். பொய் சொன்னவளுக்குத் தான் பார்க்கவில்லை என்பதாவது நிச்சயமாகத் தெரியும். அத்தைக்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

மறுநாள் பேராசிரியர் எல்லோரையும் கூட்டினார். இருட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எண்ணுகிற பெண்களின் கண் களைத்துவிட்டது, படிப்பில்லாதவர்களை நம்பியதுதான் தவறு, இனி மின்சாரத்தால் எண்ணும் கருவி வரும் என்று பேசினார். தன் குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட்டம் கலைந்ததும் அத்தை அவருடைய அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், நான் பொய் சொல்லலை. அதை மட்டும் நீங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவர் தலை நிமிராமல், "நான் உன்னைக் கவனமா பாருன்னுதானேம்மா சொன்னேன். இல்லாததைப் பாருன்னா சொன்னேன்?" என்றார்.

அவ்வளவுதான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். பெஞ்சில் இருந்து எழுந்து அந்த மனுஷனைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் போல எனக்கு இருந்தது. அவர் செத்தே எத்தனையோ காலம் ஆகியிருக்கும். "வேணும்னேதான் அத்தை செஞ்சிருப்பார். பேர் வாங்கறதுக்காகக் குரலை மாத்தியிருப்பார், மாட்டிக்கிட்டதும் உங்க தலையில பழியைப் போட்டுட்டுக் கையைக் கழுவிட்டார்" என்றேன்.

"இல்லடி. தான் குரலை மாத்தறோம்னு அவருக்கே தெரியாது. ஆசை. நல்ல சேதி வரணும்னு ஆசை. அது குரல்ல ஏறிடுச்சு, குரல்ல இருந்து என் கண்ணுக்கு இறங்கிடுச்சு. வேணும்னு செஞ்சிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்." பெஞ்சின் ஓரத்தை விரலால் தடவினாள். "நான் பார்த்தது அத்தனையும் பொய்யா இருந்திருந்தாலும் பரவாயில்ல. பாதி நிஜம்டி. நிஜமாவே உடைஞ்ச அணுவும் அதுல இருந்துச்சாம், வந்தவரே சொன்னார். ஆனா எந்தப் பாதி நிஜம்னு யாரும் சொல்லல. அதுக்கப்புறம் எதைப் பார்த்தாலும் அந்தச் சந்தேகம்தான்."

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாமெல்லாம் வாய்கூசாமல் சொல்லிவிட்டுப் போகிறோம். அதைச் சொன்னவன் ஒரு நாளாவது அப்படி வாழ்ந்து பார்த்திருக்க மாட்டான். அத்தை வாழ்ந்தாள். துணிக்கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை துணியை விரலால் தடவித் தடவித் தரம் பிரித்தாள்.

"அடுத்த வாரம் அழுத்துவீங்களா அத்தை?" என்று கேட்டேன். "அழுத்தலைன்னா கண்ணு போயிடும்."

"அந்தப் பொண்ணு வாயே திறக்கக் கூடாது. நீ உள்ள இருக்கக் கூடாது, உன் மூச்சு சத்தமே எனக்குச் சேதி சொல்லும். முடிவு எதுவா இருந்தாலும் நீ அதை அப்படியே எனக்குச் சொல்லணும். கூட்டாம, குறைக்காம. சத்தியமா சொல்லுவியா?"

"சத்தியமா" என்று கையில் அடித்தேன்.

அடுத்த வாரம் போனோம். பரிசோதனைப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல பெண், தலையாட்டினாள். அத்தை கிண்ணத்தில் முகவாயை வைத்துக்கொண்டு, "உடனே ஆரம்பிக்காதே. கொஞ்ச நேரம் சும்மா இருட்டுல விடு, கண்ணு பழகட்டும்" என்றாள். இத்தனை வயதுக்கு அப்புறம் அந்தக் குரலில் ஒரு மிடுக்கு. நான் கதவை மூடிவிட்டு வெளியே நின்றேன்.

முதலில் இடது கண். 'கிர்', 'கிர்' என்று சத்தம் கதவைத் தாண்டி வந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு வலது கண். நெடுநேரம் சத்தமே இல்லை. ஒன்று வந்தது. மறுபடி மௌனம். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவன் போனான். இன்னொன்று வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. அந்தப் பெண் படத்தை என்னிடம் நீட்டினாள். இடது கண் பரவாயில்லை. வலது கண்ணின் வட்டம் ஓர் ஓரத்தைத் தவிர முழுக்க இருட்டு. அறுவைக்கு வேலையே இல்லை. அவள் என் காதருகே சொன்னாள். "நடுநடுவுல வெளிச்சமே காட்டாம சும்மா விட்டுப் பார்த்தேன்கா. ஒரு தடவைகூடத் தப்பா அழுத்தல. இவ்வளவு சுத்தமா பண்ணின ஆளை நான் பார்த்ததே இல்ல."

இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அவள் கேட்க நினைத்தது இதுதான். கண் போய்விட்டது அத்தை, ஆனால் உங்கள் கண் பொய் சொல்லவில்லை என்று. ஆனால் அத்தை நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பி, குழந்தை மாதிரி காத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"நல்லா இருக்கு அத்தை! ரெண்டு கண்ணுமே நல்லா இருக்காம்" என்றேன்.

அவள் முகத்தில் இருந்த மிடுக்கு இறங்கியது. இப்படி ஆசை ஏறிய ஒரு குரலை அவள் முன்பு எங்கே கேட்டிருக்கிறாள் என்று, நான் சொல்லிவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"பொண்ணே" என்று அவள் என்னைத் தாண்டி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். "நீ சொல்லும்மா. குரலை ஏத்தாம இறக்காம சொல்லு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்துச் சொன்னாள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு மருந்து தொடர வேண்டும். வெளிச்சம் இல்லாதபோது ஒரு தடவையும் அழுத்தவில்லை. அத்தை எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, "சரி" என்றாள்.

மாடிப்படியில் இறங்கும்போது நான் கையை நீட்டினேன். அத்தை அதைத் தொடவில்லை. பக்கத்துக் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, தனியாகவே இறங்கினாள்.